அண்டாவில் இருக்கும்போதே கேளுங்கள்

தஞ்சாவூரில் ஓர் ஓட்டலில் பஃபே சாப்பாடு. பக்கத்து மேசையில் அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா, தட்டில் இருந்த இரண்டு மெதுவடையைக் கைக்குட்டையில் முடிந்து பைக்குள் வைத்தார். சர்வர் பார்த்துவிட்டார். மேனேஜர் வந்து, நாலு பேர் காதில் விழும்படி, "வெளியே எடுத்துட்டுப் போகக் கூடாதும்மா" என்றார். "பேரனுக்குத்தான் தம்பி" என்று மட்டும் சொல்லி, முடிச்சை அவிழ்த்து வடையைத் தட்டில் வைத்தார் அந்த அம்மா. அதன்பிறகு அவர் எதையும் சாப்பிடவில்லை.

கல்யாணத்துக்குப் போய் வருகிற பாட்டியின் பையில் வடை இருக்கும் என்று வாசலில் பிள்ளைகள் காத்திருக்கும் ஊர் இது. அந்த அம்மாவுக்கு அதில் தப்பு ஒன்றும் தெரிந்திருக்காது. மேனேஜர் தன் ஓட்டலின் விதியைச் சொன்னார். அதைக் காதோடு சொல்லியிருக்கலாம், வாசலிலேயே எழுதியும் வைத்திருக்கலாம். சாப்பாட்டை வீட்டுக்குக் கொண்டுபோவதில் வெட்கப்பட ஏதுமில்லை. ஆனால் அதற்கென்று ஒரு முறை உண்டு. எங்கள் வீட்டுப் பெண்கள் கடைப்பிடித்ததையும், பஃபே வந்தபிறகு நான் கற்றுக்கொண்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில், எதற்குக் காசு கொடுத்தோம் என்று பாருங்கள்

ரோஸ்ட், பரோட்டா, பிரியாணி என்று பேர் சொல்லி வரவழைத்தது உங்களுடையது. மிஞ்சினால் "இதைக் கட்டிக் குடுத்துடுங்க" என்று சொல்லத் தயங்க வேண்டாம். பஃபேயும் அன்லிமிடெட் சாப்பாடும் அப்படியில்லை. அங்கே ஓர் ஆள் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிடுவதற்குத்தான் பணம் வாங்குகிறார்கள். வயிற்றுக்கு ஓர் அளவு உண்டு, பைக்கு அது கிடையாது. அந்தக் கணக்கை வைத்தே விலை போடுகிறார்கள். மெஸ்களில் சாப்பாட்டுக்கு ஒரு விலை, பார்சலுக்கு வேறு விலை என்று இருப்பதும் இதனால்தான். பார்சல் சோறும் குழம்பும் அளந்து கட்டியது. பெரும்பாலும் வீட்டில் இரண்டு பேர் சாப்பிடலாம். பேரனுக்கு வடை வேண்டுமென்றால் பில் போடும் இடத்தில் தனியாக இரண்டு வாங்கிக்கொள்வதே நேர்வழி.

இது நம் ஊர்க் கடைக்காரர்களின் கஞ்சத்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். பிரான்சில் 2021 ஜூலை 1 முதல், மிஞ்சிய சாப்பாட்டைக் கொண்டுபோக வாடிக்கையாளர் பாத்திரம் கேட்டால் உணவகம் கொடுத்தே ஆகவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டமே, வேண்டிய மட்டும் சாப்பிடும் பஃபேயை விலக்கி வைத்திருக்கிறது. ஸ்பெயின் 2025-ல் கொண்டுவந்த சட்டத்திலும் அதே விலக்கு.

அதனால் பஃபேயில் செய்யவேண்டியது சாப்பாட்டுக்கு முன்னாலேயே இருக்கிறது. தட்டைக் கையில் எடுக்கும் முன் ஒரு சுற்று நடந்து, என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். ஒரு கரண்டி, அரைக் கரண்டியாகப் போட்டுக்கொள்ளுங்கள். மறுபடி போவது மரியாதைக் குறைவில்லை. குவித்து வைத்து மிச்சம் விடுவதுதான் குறைவு. பிள்ளைகளுக்குத் தனித் தட்டு கொடுக்கும் முன் உங்கள் தட்டிலிருந்து ருசி பார்க்கக் கொடுங்கள். அப்படியும் மிஞ்சினால், மேசையில் இருந்தபடி சர்வரிடம் பேரம் பேசாமல் கல்லாவுக்குப் போய் மெதுவாகக் கேளுங்கள்: "குழந்தை தட்டுல மிச்சம் வெச்சிருச்சுங்க, தனியாக் காசு குடுத்தாக் கட்டித் தருவீங்களா?" சிலர் கட்டித் தருவார்கள், சிலர் மாட்டார்கள். மாட்டோம் என்றால் சரி என்று வந்துவிட வேண்டும்.

பிறந்தநாளுக்கோ வளைகாப்புக்கோ நீங்களே ஐம்பது பேருக்கு பஃபே சொல்லியிருந்தால் நிலைமை வேறு. வராதவர்களுக்கும் சேர்த்துத்தான் பணம் கட்டுகிறீர்கள். மிஞ்சியதைத் தருவார்களா, எத்தனை மணிக்குள் எடுக்கவேண்டும், பாத்திரம் யாருடையது என்ற மூன்றையும் அட்வான்ஸ் கொடுக்கும் நாளிலேயே கேட்டு, ரசீதில் எழுதி வாங்குங்கள். விருந்து முடிந்த இரவில் கேட்டால், சாப்பிட்டு ஏதாவது ஆகிவிட்டால் எங்கள் பேர் கெடும் என்று பல ஓட்டல்கள் மறுத்துவிடும். அந்தப் பயமும் பொய்யில்லை.

அடுத்து, எச்சிலுக்கும் சோற்றுக்கும் நடுவே உள்ள கோடு

பந்தி வழக்கங்கள் பலவும் இந்த ஒரு சொல்லைச் சுற்றி அமைந்தவை. அண்டாவிலும் வாளியிலும் இருக்கிறவரை அது சோறு. யாருக்கும் கொடுக்கலாம், எங்கும் கொண்டுபோகலாம். இலையில் விழுந்து கை பட்டால் எச்சில். அதைச் சாப்பிட்டு முடிக்கும் பொறுப்பு இலைக்கு முன்னால் உட்கார்ந்தவருடையது. அதனால்தான் எங்கள் அத்தை பந்தியில் உட்கார்ந்ததும், "எனக்கு ஜாங்கிரி இலையில வெக்காதீங்க தம்பி, கையில குடுங்க, வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்" என்பார். பரிமாறுகிறவரும் முகம் சுளிக்காமல் ஒரு துண்டு இலையில் வைத்துக் கொடுப்பார். மறைப்பதும் கிடையாது, அதிகமாகக் கேட்பதும் கிடையாது. அவர் பங்குக்கு வரவேண்டிய ஒன்று, அவ்வளவுதான்.

தட்டில் மிஞ்சியதைக் கட்டிக் கொண்டுபோனால் நீங்களே சாப்பிடுங்கள், அல்லது உங்கள் எச்சிலைப் பங்கு போடும் உரிமையுள்ள பிள்ளைக்குக் கொடுங்கள். வீட்டு வேலைக்கு வருகிற அக்காவுக்கோ வாட்ச்மேன் ஐயாவுக்கோ கொடுக்காதீர்கள். வயலில் உழைத்தவருக்கு மிச்சத்தைக் கொடுத்துவிட்டு அதைத் தருமம் என்று சொல்லிக்கொண்ட காலம் இந்த நெல் நாட்டில் இருந்தது. அந்த வடு இன்னும் ஆறவில்லை. அவர்களுக்குக் கொடுக்க நினைத்தால் பாத்திரத்திலிருந்து எடுத்துக் கொடுங்கள், நாம் சாப்பிடும் முன்பே எடுத்து வைத்துக் கொடுங்கள்.

கல்யாண மண்டபத்தில்

கல்யாணம் முடிந்து கிளம்பும் மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெண் வீட்டார் புளியோதரையும் தயிர்சாதமுமாகக் கட்டுச்சாதக் கூடை கொடுத்தனுப்புவது இங்கே பல குடும்பங்களில் சடங்காகவே இருக்கிறது. வழிக்குச் சோறு கட்டிக்கொடுப்பது கௌரவம் என்று நினைக்கும் ஊரில் கேட்டு வாங்குவதும் கௌரவக் குறைவாகாது. கேட்கிற இடமும் நேரமும்தான் முக்கியம்.

பெண்ணைப் பெற்றவரிடம் கேட்காதீர்கள். கடைசிப் பந்தி எழும்வரை சாப்பாடு காணுமா என்ற கவலையில் அவர் நிற்பார். சமையல்காரரிடம் தனியாகக் கேட்பதும் தவறு; அண்டா அவர் கையில் இருந்தாலும் சாமான் வீட்டுக்காரருடையது. ஸ்டோர் ரூம் சாவியை வைத்துக்கொண்டு ஒரு மாமாவோ சித்தப்பாவோ இருப்பார். அவர்தான் ஆள். "சித்தப்பா, எல்லாரும் சாப்பிட்டப்புறம் சாம்பார் மிஞ்சினா ஒரு தூக்கு எடுத்துக்கறேன். இல்லாட்டிப் பரவாயில்ல" என்று காலையிலேயே காதில் போட்டுவைத்தால் போதும். பிறகு நினைவுபடுத்த வேண்டியதில்லை.

எல்லாரும் என்றால் உண்மையாகவே எல்லாரும். பரிமாறிய பையன்கள், இலை எடுத்தவர்கள், பாத்திரம் தேய்க்கும் பெண்கள், நாகஸ்வரக்காரர்கள், வேன் டிரைவர்கள், மண்டபத்து வாட்ச்மேன் ஆகியோர் உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்தபிறகே மிச்சம் என்ற சொல்லுக்கு இடமுண்டு. இதற்கு இந்த மண்ணிலேயே பெரிய முன்னுதாரணம் இருக்கிறது. ராமேஸ்வரம் போகும் வழியில் தஞ்சை மராத்திய மன்னர்கள் கட்டிய சத்திரங்களை விட்டுக்கொடுக்க மனமில்லாமல், 1801-ல் இரண்டாம் சரபோஜி ஆங்கிலேய ரெசிடென்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். எந்தச் சாதிக்காரராக இருந்தாலும் வழிப்போக்கருக்குச் சோறு உண்டு, சமைத்த சோறு வேண்டாதவருக்கு அரிசியும் சாமானும் உண்டு என்று அதில் சொல்கிறார். நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர்கள் வந்து தங்களுக்காக ஆக்கியதை வாங்கிக்கொள்ளும்படி கூவி அழைப்பார்கள் என்றும் எழுதியிருக்கிறார். ஒரத்தநாட்டு முத்தம்பாள் சத்திரத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு அந்த மணிதான் நினைவுக்கு வரும்.

எதில் கொண்டுபோவது

பாத்திரத்தோடு போங்கள். மூடி இறுகும் எவர்சில்வர் தூக்கு ஒன்று, சம்படம் ஒன்று, ஒரு மஞ்சப்பை. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பையும் சாப்பாடு கட்டும் பிளாஸ்டிக் தாளும் தடை. தடை இல்லாவிட்டாலும் கொதிக்கும் சாம்பாரை அதில் ஊற்றி வாங்க எனக்கு மனம் வராது. தூக்கு இல்லையென்றால் வாழையிலை இருக்கிறது. திருவையாறு, திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் அதற்குப் பஞ்சமில்லை. தணலில் ஒரு நொடி காட்டி வாட்டினால் மடிக்கும்போது கிழியாது. உள்ளே இரண்டு இலை, வெளியே ஒன்று, வாழைநாரில் கட்டு. செய்தித்தாளில் நேராகச் சாப்பாட்டை வைக்காதீர்கள், மை சோற்றில் இறங்கும்.

எதை எடுப்பது, எத்தனை நேரம்

நாக்கைக் கேட்டு முடிவு செய்யக்கூடாத இடம் இது. சமைத்த சாப்பாடு 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக இருக்கவேண்டும், அல்லது 5 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கவேண்டும். நடுவில் இருக்கும் நேரம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது. வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். தஞ்சாவூரில் சித்திரை, வைகாசி முழுக்க அந்த ஒரு மணிக் கணக்குதான். மணியை நீங்கள் வாங்கிய நேரத்திலிருந்து எண்ணாதீர்கள், அடுப்பை விட்டு இறங்கிய நேரத்திலிருந்து எண்ணுங்கள். பஃபே மேசையில் சூடு குறைந்த பாத்திரத்தில் இரண்டு மணி நேரமாக இருந்த சாப்பாடு, உங்கள் கைக்கு வரும்போதே தன் நேரத்தை முடித்திருக்கும்.

சோறு சாதுவானது என்று நம்புகிறோம். பாசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் விதை அரிசி கொதிக்கும்போது சாவதில்லை. வெதுவெதுப்பில் கிடக்கும் சோற்றில் பெருகி நஞ்சைச் சுரந்துவிட்டால், மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. அதனால் சோற்றைக் குவித்து மூடாமல், அகலமான தட்டில் பரப்பி ஆறவிட்டுக் கட்டுங்கள்.

முதலில் ஊசிப்போவது தேங்காய்ச் சட்னி. அதன் பின்னாலேயே அவியல், தேங்காய் அரைத்த கூட்டு, பால் பாயசம். இவற்றை மண்டபத்திலேயே சாப்பிட்டுவிடுங்கள். சாம்பாரில் பருப்பு உள்ளது, நுரைத்துவிடும். வீட்டுக்குப் போனதும் கொதிக்கவிட வேண்டும். புளியோதரை தாங்கும், அதன் புளியும் நல்லெண்ணெயும் காக்கும். வத்தக்குழம்பும் அப்படித்தான். அப்பளம், லட்டு, மைசூர்பாகு போன்றவற்றைப் பற்றிக் கவலையில்லை. வழிக்குத் தயிர்சாதம் கேட்டிருந்தால், பால் ஊற்றிப் பிசைந்து ஒரு கரண்டி தயிர் மட்டும் விட்டுத் தரச் சொல்லுங்கள். போய்ச் சேரும்போது புளிக்காமல் இருக்கும்.

வீட்டுக்கு வந்தபிறகு

வீட்டில் எத்தனை வாய் என்று எண்ணி எடுங்கள். 2022-ல் உலகம் வீணாக்கிய ஏறத்தாழ 105 கோடி டன் உணவில் 60 சதவீதம் வீடுகளில் வீணானது என்கிறது ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கை. மண்டபத்துக் குப்பையிலிருந்து காப்பாற்றி, மூன்று நாள் ஃபிரிட்ஜில் வைத்து வீட்டுக் குப்பையில் கொட்டினால் யாருக்கு என்ன லாபம்? சம்பா நெல் ஐந்து மாதம் வயலில் நின்று வருகிறது. வீட்டுக்கு வந்த உடனே சிறு பாத்திரங்களில் பிரித்து ஃபிரிட்ஜில் வையுங்கள், மறுநாளே தீர்த்துவிடுங்கள், சாப்பிடும் அளவை மட்டும் ஆவி பறக்கச் சூடாக்குங்கள். வெறும் சோறு மிஞ்சினால் அன்றிரவே தண்ணீர் ஊற்றிப் பழையதாக்கலாம். காலையில் வடித்து மாலைவரை மண்டபத்தில் கிடந்த சோற்றில் தண்ணீர் ஊற்றுவது மட்டும் வேண்டாம்.

அண்டா கணக்கில் மிஞ்சினால் அது தூக்கில் அடங்கும் வேலையில்லை. கோவையில் 2014-ல் தொடங்கிய நோ ஃபுட் வேஸ்ட் போல, விருந்துகளில் மிஞ்சியதை வாங்கிப் பசித்தவர்களுக்குச் சேர்க்கும் அமைப்புகள் இருக்கின்றன. இப்படிப் பெற்றுப் பகிர்வதற்கென்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-ல் தனி ஒழுங்குமுறையே கொண்டுவந்தது. உங்கள் ஊருக்கு யார் வருவார்கள் என்பதைக் கல்யாணத்துக்கு முந்தின வாரமே விசாரித்து, எண்ணை ஸ்டோர் ரூம் கதவில் ஒட்டிவையுங்கள். கை படாத சாப்பாட்டை, சூடு இருக்கும்போதே கூப்பிட்டுக் கொடுக்கவேண்டும்.

மாட்டுக்குக் கொட்டுவது புண்ணியம் என்று ஒரு பழக்கம் நம்மிடம் இருக்கிறது. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். வைக்கோலும் புல்லும் தின்று பழகிய மாடு வாளி வாளியாகச் சோற்றைத் தின்றால், அதன் முன்வயிற்றில் மாவுச்சத்து வேகமாகப் புளித்து அமிலமாகிறது. மாடு அசைபோடுவதை நிறுத்தும், படுத்துவிடும், சில சமயம் செத்தும் போகும். பொங்கலுக்கு மறுநாள் மாட்டு மருத்துவர்கள் ஓடிக்கொண்டிருப்பது இதற்காகத்தான். மண்டபத்து வாழையிலைகளை வேண்டுமானால் கொடுங்கள், அதில் ஒட்டிய சோற்றைத் தட்டிவிட்டு.

கடைசியாகத் தூக்கு. மண்டபத்துத் தூக்கையோ அத்தை வீட்டுத் தூக்கையோ வாங்கி வந்திருந்தால் புளி போட்டுத் தேய்த்து, மறுநாள் பொழுது சாயும் முன் திருப்பிக் கொடுங்கள். வெறும் பாத்திரமாகக் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. ஒரு பிடி அரிசியோ கொஞ்சம் சர்க்கரையோ போட்டுக் கொடுப்பார்கள். எங்கள் வீட்டில் பெரும்பாலும் கொல்லையிலிருந்து பறித்த முருங்கைக்கீரை.