ஜீன்களின் படியெடுப்பில் பொதுப் புரதங்களின் பங்கு

டி.என்.ஏ.யில் அடங்கியுள்ள செய்தி ஆர்.என்.ஏ.யாகப் படியெடுக்கப்பட்ட பின்னரே உயிரணுவுக்குப் பயன்படுகிறது. படியெடுக்கும் பணியைச் செய்வது ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் என்னும் என்ஸைமாகும். விலங்குகளின் உயிரணுக்களில் இவ்வென்ஸைம் மூன்று வகைப்படும் என்பதை ராபர்ட் ரோடரும் வில்லியம் ரட்டரும் 1969-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். முதல் வகை, ரிபோஸோமின் பெரிய ஆர்.என்.ஏ.க்களை உண்டாக்குகிறது. இரண்டாம் வகை, புரதங்களுக்குரிய தூது ஆர்.என்.ஏ.யை உண்டாக்குகிறது. கடத்து ஆர்.என்.ஏ. முதலிய சிறு மூலக்கூறுகள் மூன்றாம் வகையின் பொறுப்பாகும்.

எனினும், ஜீன் தொடங்கும் இடத்தை இவ்வென்ஸைம்கள் தாமாகவே கண்டுகொள்ள இயலாது. அவ்விடத்தைக் காட்டும் புரதங்கள் பொதுப் படியெடுப்புக் காரணிகள் எனப்படும். இரண்டாம் வகைக்குரிய ஜீன்கள் சிலவற்றில், தொடக்கத்திற்குச் சுமார் 25 முதல் 30 அலகுகளுக்கு முன்னால் ‘டாட்டா பெட்டி’ என்னும் பகுதி உண்டு. டாட்டா-பிணைப்புப் புரதம் அதன்மீது சேணம்போல் அமர்ந்து, டி.என்.ஏ.யை ஏறத்தாழ 80 பாகை வளைக்கிறது. பிற காரணிகளும் பாலிமரேஸும் அதனையடுத்து அங்கே வந்து சேர்கின்றன.

இப்புரதம் இரண்டாம் வகைக்கு மட்டுமே உரியதென்று முதலில் கருதப்பட்டது. ஆனால் 1992-ஆம் ஆண்டில் ஈஸ்ட் உயிரணுக்களில் நடந்த சோதனைகளில், இதில் குறை நேர்ந்தபோது மூன்று பாலிமரேஸ்களின் பணியும் குன்றியது. டாட்டா பெட்டி இல்லாத ஜீன்களுக்கும் இது தேவை என்பது தெளிவாயிற்று. ஒவ்வொரு பாலிமரேஸுக்கும் இப்புரதம் வெவ்வேறு துணைப் புரதங்களுடன் கூடிப் பணியாற்றுகிறது. துணை மாறினும் நடுநாயகம் ஒன்றே.

ஒரே காரணி பல பணிகளுக்குப் பயன்படுவதால் சிக்கனம் உண்டு, அபாயமும் உண்டு. டி.எப். இரண்டு-எச் என்னும் காரணியை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். ஜீனின் தொடக்கத்தில் டி.என்.ஏ.யின் இரு இழைகளையும் பிரித்துப் படியெடுப்புக்கு வழி செய்வது இக்காரணியே. சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர்களால் டி.என்.ஏ. பழுதுறும்போது, பழுதைச் சூழ்ந்த பகுதியைத் திறந்து சீர்செய்ய உதவுவதும் இதுவே. இதன் உறுப்புப் புரதங்கள் சிலவற்றில் பிறவியிலேயே குறை இருப்பின் ஸீரோடெர்மா பிக்மென்டோஸம் என்னும் நோய் தோன்றக்கூடும். இந்நோயுற்ற குழந்தைகளுக்கு இளமையிலேயே தோல் புற்று உண்டாகலாம். எனவே அவர்களை வெயில் படாமல் காத்தல் இன்றியமையாதது.

ஜீன்கள் பல்லாயிரம் எனினும், அவற்றைத் தொடங்கி வைக்கும் பொதுப் புரதங்கள் சிலவே. அவற்றுள் ஒன்று பழுதுற்றாலும் அதன் விளைவு உடலின் பல பணிகளைத் தாக்கக்கூடும் என்பதை இதனால் அறியலாம்.