மணிக்கு 20 டாலர்: அமெரிக்கக் கிடங்குக் கடை ஊழியரின் ஊதியம் பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

சரக்குகளைப் பிரித்து அழகுபடுத்தாமல், லாரியில் வந்திறங்கிய மரத்தட்டுகளோடும் அட்டைப்பெட்டிகளோடும் உயர்ந்த கூரையின் கீழ் அடுக்கிவைத்து, ஆண்டுச் சந்தா கட்டிய உறுப்பினர்களுக்கு மட்டும் பெரிய அளவுகளில் விற்கும் கடைகள் அமெரிக்காவில் கிடங்குக் கடைகள் எனப்படுகின்றன. 1976-இல் சால் பிரைஸ் சான் டியேகோ நகரில் தொடங்கிய பிரைஸ் கிளப் இவ்வகைக்கு முன்னோடி. 1983-இல் சியாட்டிலில் காஸ்ட்கோவும் ஓக்லஹோமாவில் வால்மார்ட் நிறுவனத்தின் சாம்ஸ் கிளப்பும், மறு ஆண்டு மாசச்சூசெட்ஸில் பி.ஜே.ஸ் நிறுவனமும் அவ்வழியில் தோன்றின; 1993-இல் பிரைஸ் கிளப் காஸ்ட்கோவுடன் இணைந்தது. இக்கடைகளில் ஒரு மணி நேர வேலைக்கு இவ்வளவு என்ற கணக்கில் கூலி பெறுவோரே மிகப் பெரும்பான்மையினர். அவர்களுடைய ஊதியத்தைப் பற்றிப் பேசப்படும் பலவும் விளம்பரத்தில் காணும் ஒற்றை எண்ணிலிருந்து ஊகிக்கப்பட்டவையாக இருப்பதால், அவ்வூகங்களைச் சட்டத்தோடும் கணக்கோடும் ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியமாகிறது.

நம்பிக்கை: மணிக்கு 20 டாலர் என்றால் ஆண்டுக்கு 41,600 டாலர் வந்துவிடும்.

2025-இல் காஸ்ட்கோ தன் தொடக்கநிலை ஊழியர்களுக்கு அறிவித்த மணிக்கூலி 20 டாலர். அதை ஆண்டு வருமானமாக மாற்றுவோர் வாரத்துக்கு 40 மணி நேரம், ஆண்டுக்கு 52 வாரம், ஆக 2,080 மணி நேரம் வேலை கிடைக்கும் என்று தம்மை அறியாமலே வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் புதிதாகச் சேர்பவர் பெரும்பாலும் பகுதிநேர ஊழியராகவே சேர்கிறார். பகுதிநேர ஊழியருக்கு அந்நிறுவனம் உறுதியளிக்கும் குறைந்தபட்ச வேலை வாரத்துக்கு 24 மணி நேரம். அந்த அளவே கிடைத்தால் ஆண்டுக்கு 1,248 மணி நேரமும் 24,960 டாலரும்தான் தேறும். மணிக்கூலியில் ஒரு காசும் குறையாமலே வருமானம் ஐந்தில் மூன்று பங்காகச் சுருங்கிவிடுகிறது. இந்த உறுதியும் சில்லறை வணிகத்தில் அரிதானது. பல கடைகளில் இந்த வாரம் 32 மணி நேரமும் அடுத்த வாரம் 14 மணி நேரமும் என வேலைப்பட்டியல் ஏறியிறங்குவதால், வீட்டு வாடகைக்கு எவ்வளவு மிஞ்சும் என்பதை மாதத் தொடக்கத்தில் சொல்ல இயலாத நிலையில் குடும்பங்கள் காலம் தள்ளுகின்றன.

ஊதிய உயர்வும் இதே மணிக்கணக்கில் சிக்கியிருக்கிறது. காஸ்ட்கோவில் அடுத்த ஊதியப் படிக்கு ஏறுவது, பணியில் சேர்ந்து கழிந்த மாதங்களைக் கொண்டு அல்லாமல், உழைத்த மொத்த மணி நேரத்தைக் கொண்டு முடிவாகிறது. ஒரு படி ஏற 1,000 மணி நேரம் தேவை என்று எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொண்டால், வாரத்துக்கு 40 மணி நேரம் உழைப்பவர் 25 வாரங்களில் அதை எட்டுவார். 24 மணி நேரமே கிடைப்பவருக்கு ஏறத்தாழ 42 வாரங்கள் ஆகும். படிநிலையின் உச்சியில் உள்ளவர்களுக்கு 2025-இல் மணிக்கு 30 டாலருக்கு மேல் கிடைத்தது என்ற செய்தி உண்மையே. எனினும் அந்த உச்சியை அடையப் பல ஆண்டுகள் ஆகும் என்பதும், குறைந்த நேரம் பெறுபவருக்கு அந்த வழி இன்னும் நீளும் என்பதும் அந்தச் செய்தியோடு சேர்த்துச் சொல்லப்படுவதில்லை.

டாலரை ரூபாயாகப் பெருக்கிப் பார்த்து வியக்கும் வழக்கமும் தமிழ் வாசகரிடையே உண்டு. ஊதியம் டாலரில் வரும் ஊரில் வாடகையும் மருத்துவச் செலவும் காருக்கான காப்பீடும் டாலரிலேயே போகின்றன என்பதால், அப்பெருக்கலால் அந்த ஊழியரின் வாழ்க்கைத் தரத்தைப் பற்றி எதுவும் தெரியவராது.

நம்பிக்கை: விடுப்பு, ஞாயிற்றுக்கிழமைக் கூடுதல் கூலி, மருத்துவக் காப்பீடு எல்லாம் அமெரிக்கச் சட்டமே தருகிறது.

ஊதியம் தொடர்பான நடுவண் சட்டங்களில் முதன்மையானது 1938-ஆம் ஆண்டின் நியாயமான தொழில் தரநிலைகள் சட்டம். அது குறைந்தபட்சக் கூலியை விதிக்கிறது. வாரத்துக்கு 40 மணி நேரத்தைத் தாண்டிய வேலைக்கு ஒன்றரை மடங்கு கூலி, அதாவது ஓவர்டைம், தர வேண்டும் என்கிறது. சம்பளத்துடன் கூடிய ஆண்டு விடுப்பையோ நோய் விடுப்பையோ பண்டிகை விடுமுறையையோ அது கட்டாயமாக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வேலைக்குத் தனிக் கூலியும் அதில் இல்லை. வழக்கமாக 24 மணி நேரம் உழைப்பவர் கிறிஸ்துமஸ் கூட்டத்தில் ஒரு வாரம் 38 மணி நேரம் நின்றால், கூடுதலான அந்த 14 மணி நேரத்துக்கும் சாதாரணக் கூலியே சட்டப்படி போதும். மாநிலச் சட்டங்கள் வேறுபடுகின்றன: கலிஃபோர்னியா ஒரு நாளில் 8 மணி நேரத்தைத் தாண்டியதும் ஓவர்டைம் தரச் சொல்கிறது. மாசச்சூசெட்ஸ் சில்லறைக் கடைகளில் ஞாயிறு வேலைக்கு முன்பு கட்டாயமாக இருந்த கூடுதல் கூலியை, குறைந்தபட்சக் கூலியை 15 டாலராக உயர்த்திய 2018-ஆம் ஆண்டு உடன்பாட்டின்படி படிப்படியாகக் குறைத்து 2023-இல் முற்றிலும் நீக்கிவிட்டது. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் வாங்கிக்கொண்ட அந்த ஏற்பாட்டில், வாரயிறுதியில் மட்டும் வேலை செய்த மாணவரும் இரண்டாம் வேலையாகக் கடைக்கு வந்த பெற்றோரும் இழந்தது சிறிதன்று.

ஆகவே காஸ்ட்கோ ஊழியருக்கு ஞாயிற்றுக்கிழமை கிடைக்கும் ஒன்றரை மடங்கு கூலியும், ஆண்டுக்கு ஏழு பெரிய விடுமுறை நாள்களில் அமெரிக்கக் கடைகள் மூடியிருப்பதும் நிறுவனத்தின் முடிவாலும் தொழிலாளர் ஒப்பந்தத்தாலும் நிலைபெற்றவை. நிறுவனம் நினைத்தால் மாற்றக்கூடியது எது, சட்டம் காப்பது எது என்ற வேறுபாட்டை அறியாத ஊழியர், ஒரு கடையை விட்டு மற்றொன்றுக்கு மாறும்போதுதான் இழந்ததை உணர்கிறார்.

மருத்துவக் காப்பீட்டில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. 2010-இல் இயற்றப்பட்ட நலவாழ்வுச் சட்டத்தின்படி, 50 அல்லது அதற்கு மேற்பட்ட முழுநேர ஊழியருக்கு இணையான ஆள்பலம் கொண்ட நிறுவனங்கள் தம் முழுநேர ஊழியருக்குக் காப்பீடு வழங்க முன்வர வேண்டும். இல்லையெனில் அபராதம் கட்ட நேரிடும். இங்கே முழுநேரம் என்பது சராசரியாக வாரத்துக்கு 30 மணி நேரம். இந்த எல்லைக்கோட்டுக்குச் சற்றுக் கீழே, 28 அல்லது 29 மணி நேரத்தில், ஊழியரின் வேலைப்பட்டியலை நிறுத்திவைக்க நிறுவனங்களுக்குத் தூண்டுதல் உண்டு என்பது வெளிப்படை. 24 மணி நேரம் உழைப்பவர் அச்சட்டத்தின் வரம்புக்கு வெளியே நிற்கிறார். அத்தகையவருக்கும் குறிப்பிட்ட காத்திருப்புக் காலத்துக்குப் பின் காப்பீடு வழங்குவதுதான் காஸ்ட்கோவைப் பிற கடைகளிலிருந்து பிரித்துக் காட்டுகிறது. இந்த ஒன்று மணிக்கூலியில் இரண்டு மூன்று டாலர் வேறுபாட்டை விடப் பெரியது. காப்பீடு இருக்கிறது என்று கேட்பதோடும் நின்றுவிடக் கூடாது: மாதந்தோறும் சம்பளத்தில் பிடிக்கப்படும் பிரீமியம் எவ்வளவு, காப்பீடு பணம் தரத் தொடங்கும் முன் நோயாளி தன் கையிலிருந்து கட்டவேண்டிய டிடக்டிபிள் என்னும் தொகை எவ்வளவு என்ற இரண்டையும் சேர்த்தே அதன் மதிப்பைக் கணிக்க முடியும்.

ஓய்வுக்கால நிதியும் அப்படியே. இந்தியாவில் வருங்கால வைப்பு நிதிக்கு உட்பட்ட நிறுவனங்களில் இரு தரப்பும் பணம் செலுத்துவது கட்டாயம். அமெரிக்காவில் வரிச் சட்டப் பிரிவின் பெயராலேயே 401(கே) என்று அழைக்கப்படும் சேமிப்புத் திட்டத்தில் முதலாளி தன் பங்கைச் செலுத்த வேண்டும் என்ற பொதுக் கட்டாயம் இல்லை. ஊழியர் சேமிப்பதற்கு ஈடாக முதலாளி செலுத்தும் ஈட்டுத்தொகையும் முதல் நாளே ஊழியருக்கு உரிமையாகிவிட வேண்டும் என்பதில்லை. திட்டத்தைப் பொறுத்து மூன்று ஆண்டு கழிந்து முழுமையாகவோ, ஆறு ஆண்டுக்குள் சிறிது சிறிதாகவோ அது அவருடையதாகும்படி வைக்க நடுவண் சட்டம் இடம்தருகிறது.

நம்பிக்கை: ஊழியருக்கு அதிகம் கொடுத்தால் பொருளின் விலை ஏறிவிடும், காஸ்ட்கோ கொடுப்பது தருமம்.

இந்த நம்பிக்கையைக் கிடங்குக் கடையின் வேலைமுறையே மறுக்கிறது. கதவு திறப்பதற்குச் சில மணி நேரம் முன்பு, ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஒரே தூக்கில் ஒரு மரத்தட்டு முழுவதையும் விற்பனைத் தளத்தில் வைக்கிறது. ஊழியர் ஒருவர் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் உறையை அறுத்து, மேலடுக்குப் பெட்டிகளின் முன்பக்க அட்டையை வெட்டித் திறந்தால் அப்பொருளை அடுக்கும் வேலை முடிந்தது. சாதாரணப் பல்பொருள் அங்காடியில் இதே சரக்கை ஒவ்வொரு டப்பாவாக எடுத்து அலமாரியில் வைக்க வேண்டும். அங்கே 30,000 வகைப் பொருள்கள் இருக்கும் இடத்தில் காஸ்ட்கோவில் 4,000-க்கும் குறைவாகவே இருப்பதால், கொள்முதல், இருப்புக் கணக்கு, அடுக்குதல் எல்லாம் சுருங்கி, ஒரு மணி நேர உழைப்பில் நகரும் சரக்கின் மதிப்பு பலமடங்காகிறது. மணிக்கூலி உயர்ந்திருந்தாலும் ஒவ்வொரு டாலர் விற்பனையிலும் கூலியின் பங்கு குறைவாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

இலாபம் வரும் வழியும் வேறு. 2024 செப்டம்பர் முதல் நாளோடு முடிந்த நிதியாண்டில் காஸ்ட்கோ ஏறத்தாழ 25,000 கோடி டாலருக்குச் சரக்கு விற்றது. உறுப்பினர் சந்தாவாக மட்டும் ஏறத்தாழ 480 கோடி டாலர் பெற்றது. வட்டிக்கும் வரிக்கும் முந்தைய நடைமுறை இலாபத்தில் பாதிக்கு மேல் இச்சந்தாத் தொகைக்கு ஈடானது. ஆண்டுக்கு 65 டாலர் சந்தா கட்டும் உறுப்பினர் அதை மறு ஆண்டும் கட்ட வேண்டுமானால் கடை ஒழுங்காக நடக்க வேண்டும், கடை ஒழுங்காக நடக்கப் பழகிய கைகள் வேண்டும் என்ற தொடர்பு இங்கே நேரடியானது. ஓராண்டைக் கடந்த ஊழியர்களில் 90 சதவீதத்துக்கு மேற்பட்டோர் அடுத்த ஆண்டும் அங்கே நீடிக்கிறார்கள். ஆள் மாறிக்கொண்டே இருக்கும் கடைகள் தேடுவதற்கும் பயிற்றுவிப்பதற்கும் செலவிடும் பணம் இங்கே கூலியாகப் போகிறது. 2021 பிப்ரவரியில் அமெரிக்க செனட்டின் வரவு செலவுக் குழு முன் சாட்சியம் அளித்த அப்போதைய தலைமை நிர்வாகி கிரெய்க் ஜெலினெக், இது கொடைக் குணத்தால் செய்யப்படுவதன்று, நல்ல வணிகம் என்பதாலேயே செய்யப்படுகிறது என்று வெளிப்படையாகவே விளக்கினார். தருமம் என்ற சொல் அந்த ஊழியரின் உழைப்பை மறைத்துவிடுகிறது. அவர் பெறுவது அவருடைய வேலைத்திறனுக்கான விலை.

நம்பிக்கை: கிடங்குக் கடை என்றால் எங்கும் ஒரே நல்ல சம்பளம்.

சாம்ஸ் கிளப் 2024-இல் தொடக்கக் கூலியை 16 டாலராக உயர்த்தியது. அப்போது காஸ்ட்கோவின் தொடக்கக் கூலி 19.50 டாலர். ஒரே வகை வேலைக்கு இவ்வளவு இடைவெளி. ஊரும் கணக்கை மாற்றுகிறது. நடுவண் குறைந்தபட்சக் கூலி 2009 ஜூலையிலிருந்து 7.25 டாலரிலேயே நிற்க, அதற்கு மேல் எதையும் கட்டாயமாக்காத டெக்சாஸில் 20 டாலர் என்பது சட்ட அளவைப் போல் இரண்டே முக்கால் மடங்கு. காஸ்ட்கோவின் முதல் கடை 1983-இல் திறக்கப்பட்ட சியாட்டிலிலோ நகர நிர்வாகம் விதித்த குறைந்தபட்சக் கூலியே 2025-இல் 20.76 டாலர், டெக்சாஸில் தாராளமாகத் தெரியும் எண் அங்கே சட்டத்தையே எட்டவில்லை என்பதால், அந்நகரக் கடைகளில் நிறுவனத்தின் பொது அளவைத் தாண்டியே கொடுத்தாக வேண்டும்.

நம்பிக்கை: நல்ல முதலாளி இருக்கும் இடத்தில் சங்கத்துக்கு வேலை இல்லை.

காஸ்ட்கோவின் அமெரிக்க ஊழியர்களில் ஏறத்தாழ 18,000 பேர் டீம்ஸ்டர்ஸ் தொழிற்சங்கத்தின் ஒப்பந்தத்தின் கீழ் இருக்கிறார்கள். இவர்களில் பலர் பணிபுரிவது முன்பு பிரைஸ் கிளப்பாக இருந்து சங்கத்தோடு சேர்ந்தே வந்த கடைகளில். அவர்களுடைய ஒப்பந்தம் 2025 ஜனவரி 31-இல் முடிய இருந்தது. வேலைநிறுத்தத்துக்கும் ஊழியர்கள் வாக்களித்திருந்தார்கள். அந்த வாரத்தில்தான் சங்கம் இல்லாத கடைகளுக்கான கூலி உயர்வை, உச்சப் படியில் உள்ளவர்களுக்கு அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளிலும் தலா ஒரு டாலர் உயர்வு உள்ளிட, நிறுவனம் அறிவித்தது. பிப்ரவரி முதல் நாள் சங்கத்தோடும் உடன்பாடு எட்டப்பட்டது. சங்கத்தில் சேராத ஊழியரும் பக்கத்துக் கடைச் சங்கத்தின் பேரம் பேசும் வலிமையால் பயன்பெறுகிறார் என்று கருத இந்தக் கால நெருக்கம் இடம்தருகிறது. 2023 டிசம்பரில் வர்ஜீனியா மாநிலத்தின் நார்ஃபோக் கடை ஊழியர்கள் சங்கத்தில் சேர வாக்களித்தபோது, நிறுவனத் தலைவர்கள் ஊழியர்கள்மீது வருத்தம் இல்லை, தலைமை தாங்கிய தங்கள்மீதே வருத்தம் என்று எழுதினார்கள். மேன்மையான பதில்தான், ஆனால் சங்கம் அமைவதைத் தலைமையின் தோல்வியாக மட்டும் காணும் பார்வை, நல்ல ஊதியத்தையும் ஒப்பந்தத்தில் எழுதிவாங்க ஊழியருக்கு நியாயமான விருப்பம் இருக்கும் என்பதைக் கணக்கில் கொள்ளவில்லை.

நம்பிக்கை: சக ஊழியரிடம் தன் சம்பளத்தைச் சொல்வது விதிமீறல்.

மேற்பார்வையாளர் அல்லாத தனியார் துறை ஊழியர்கள் தம் கூலியைத் தமக்குள் பேசிக்கொள்ளும் உரிமையை 1935-ஆம் ஆண்டின் தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டம் காக்கிறது. சங்கம் இல்லாத கடைக்கும் இது பொருந்தும். அப்பேச்சுக்குத் தடைவிதிக்கும் கையேட்டு விதி சட்டத்துக்குப் புறம்பானது. பேசியதற்காக வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் தேசியத் தொழிலாளர் உறவு வாரியத்திடம் கட்டணமின்றி முறையிடலாம்.