‘நிதி இல்லை’ என்றால் கலங்கல் தண்ணீரைக் குடிக்க வேண்டுமா?

கேள்வி: வக்கீல் ஐயாவுக்கு வணக்கம். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அப்பால் எங்கள் சிற்றூர். மலையாளி பழங்குடியினர் நாங்கள். கிணற்றிலிருந்து மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றி, வீட்டுக் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் விடுகிறார்கள். மழை பெய்தால் டீத்தண்ணி நிறத்தில் வருகிறது, சாக்கடை நாற்றமும் அடிக்கிறது. போன மாதம் என் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் பக்கத்து வீட்டு அத்தைக்கும் வயிற்றுப்போக்கு. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி வரை போய்வந்தோம். கேட்டால், ‘நிதி வந்ததும் பைப் மாற்றலாம்’ என்கிறார்கள். மேலே இருக்கும் சுனையிலிருந்து குழாய் போட்டுத் தரச் சொன்னால், ‘அது காடு, வனத்துறை விடாது’ என்கிறார்கள். யார்மேல் வழக்குப் போடுவது? கையில் காசும் இல்லை.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கல்வராயன் மலை

பதில்: சகோதரி, வழக்குக்கு முன்னால் அடுப்பு. குடிக்கும் தண்ணீரை வடிகட்டி, தளதளவென்று கொதிக்கவைத்து, மூடிய பாத்திரத்தில் ஆறவிட்டுக் குடியுங்கள். பிள்ளைகளுக்கு மறுபடி வயிற்றுப்போக்கு வந்தால் உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கொடுத்துக்கொண்டே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். இதைச் சொல்லாமல் சட்டம் பேச எனக்கு மனம் வரவில்லை.

‘ஒருநாள் விட்டு ஒருநாள்’ என்று எழுதியிருக்கிறீர்களே, விஷயம் அங்கேதான் இருக்கிறது. குழாயில் தண்ணீர் அழுத்தத்தோடு ஓடும்போது விரிசல் வழியாகத் தண்ணீர் வெளியே கசியும். நிறுத்தியதும் குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகி, சுற்றிலும் தேங்கிய சாக்கடையை அதே விரிசல் உள்ளே இழுத்துக்கொள்ளும். குழாயோடு மோட்டாரை நேராக இணைத்து உறிஞ்சினாலும், தண்ணீர் ஏறவில்லையென்று குழி தோண்டிக் குழாயைத் தாழ்த்தினாலும் இதேதான் நடக்கும். உங்கள் தெருவில் அப்படி யாராவது செய்திருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். இல்லாவிட்டால் எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும்.

அடுத்து ஆதாரம். என்னைத் தேடி வருபவர்கள் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் கலங்கல் தண்ணீரைக் கொண்டுவந்து மேசைமேல் வைப்பார்கள். பார்த்தாலே வயிறு கலங்கும். ஆனால் பாட்டிலிலேயே கிருமி இருந்திருக்கலாம் என்று எதிர்த்தரப்பினர் ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவார்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தை அணுகி, கிருமி நீக்கிய பாட்டிலில், அவர்கள் சொல்லும் முறைப்படி மாதிரி எடுங்கள். ஊராட்சி செயலரை உடன் வைத்துக்கொண்டு எடுத்தால் இன்னும் நல்லது. இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500-ன்படி 100 மில்லி தண்ணீரில் ஈ.கோலி என்ற மலக்கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. அது இருப்பதாக அறிக்கை வந்தால், ‘மழைக்காலத்தில் அப்படித்தான்’ என்று யாரும் சொல்ல முடியாது.

கூடவே 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, வட்டார வளர்ச்சி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமை மனு போடுங்கள். தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினார்கள், குளோரின் எவ்வளவு கலந்தார்கள், பழைய ஆய்வு முடிவுகள் என்ன என்று கேளுங்கள். பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு. உயிர் சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணி நேரம்தான், அதை மனுவிலேயே எழுதிவிடுங்கள். அதிகம் பேர் அறியாத ஒன்றையும் சொல்கிறேன்: தகவல் உரிமைச் சட்டத்தின் 2(ஜே) பிரிவு, பொது அமைப்பின் வசமுள்ள பொருளில் சான்றிட்ட மாதிரி எடுக்கும் உரிமையையும் தருகிறது.

இனி பொறுப்பு யாருடையது? தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994, பிரிவு 110 பாதுகாக்கப்பட்ட குடிநீர் தருவதை கிராம ஊராட்சியின் கடமைகளில் ஒன்றாக வைக்கிறது. மாசில்லாத தண்ணீர் அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று சுபாஷ் குமார் வழக்கில் 1991-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

‘நிதி இல்லை’ என்ற பதிலுக்கும் தீர்ப்பு இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் ரத்லம் என்றொரு ஊர். தெருவில் மலமும் சாக்கடையும் ஓடுகிறது என்று அங்குள்ள மக்கள், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-வது பிரிவில் மாஜிஸ்திரேட்டிடம் போனார்கள். வடிகால் கட்டித்தர உத்தரவானது. பணமில்லை என்று சொல்லி நகராட்சி உச்ச நீதிமன்றம் வரை போனது. 1980-ல் நீதிபதி கிருஷ்ணய்யர் அந்தச் சாக்கை ஏற்கவில்லை. மக்களின் சுகாதாரம் சட்டம் விதித்த கடமை, கஜானா காலி என்று சொல்லி அதிலிருந்து தப்ப முடியாது என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். அந்த 133-தான் இன்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 152. கள்ளக்குறிச்சி கோட்டாட்சியரிடம் இந்தப் பிரிவில் மனு கொடுங்கள். இப்பிரிவு பொது இடத்தில் உள்ள தொல்லையைப் பற்றியது. அதனால் மனுவில் உங்கள் வீட்டுக் குழாயை முன்னிறுத்தாதீர்கள். தெருவில் சாக்கடையோடு சாக்கடையாகக் கிடக்கும் பைப்லைனை முன்னிறுத்தி, எந்த இடத்தில் என்று படம் வரைந்து இணையுங்கள்.

‘காடு’ என்ற பதில் எனக்கு வருத்தம் தருகிறது, ஏனென்றால் சட்டம் அதற்கு நேர்மாறாக இருக்கிறது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் பிரிவு 3(2) பள்ளிக்கூடம், அங்கன்வாடி, சாலையோடு குடிநீர்க் குழாயையும் பெயர் சொல்லிப் பட்டியலிட்டு அனுமதிக்கிறது. ஒவ்வொரு பணிக்கும் நிலம் ஒரு ஹெக்டேருக்குள் இருக்க வேண்டும், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது, கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். அவ்வளவுதான். அடுத்த கிராம சபையில் தீர்மானமாக எழுதவைத்து, நகல் வாங்குங்கள். ஆனால் சுனை என்பதாலேயே அது சுத்தம் என்று நம்பிவிடாதீர்கள். அந்தத் தண்ணீரையும் சோதித்த பிறகு குழாய் கேளுங்கள்.

யாராவது வேண்டுமென்றே அசுத்தம் செய்தார்கள் என்றால் கதை வேறு. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தொட்டிக்குள் மலம் கலந்தது தெரியவந்தபோது அது குற்றவழக்கானது. பட்டியல் சாதி, பழங்குடியினர் பயன்படுத்தும் நீரைக் கெடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் தனிக்குற்றம். உங்கள் கடிதத்தில் தெரிவது பராமரிப்பின்மை. சந்தேகத்தின் பேரில் யார் பெயரையும் எழுதாதீர்கள்.

காசைப் பற்றிக் கவலை வேண்டாம். பெண்களுக்கும் பழங்குடியினருக்கும், வருமானம் எவ்வளவு என்று பாராமல், இலவச வழக்கறிஞர் தர வேண்டும் என்கிறது 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம். 15100-க்குப் பேசுங்கள், அல்லது கள்ளக்குறிச்சி நீதிமன்ற வளாகத்தில் உள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவுக்குப் போங்கள். கோட்டாட்சியர் அசையாவிட்டால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த பிறகு, கல்வராயன் மலை மக்களின் அடிப்படை வசதிகளைச் சென்னை உயர் நீதிமன்றம் தாமாகவே வழக்காக எடுத்தது. அந்த வழக்கில் பிறந்த உத்தரவுகளை எடுத்துப் பார்க்கும்படி உங்கள் வழக்கறிஞரிடம் சொல்லுங்கள்.

இழப்பீடும் கேட்கலாம். அதற்கு ஆஸ்பத்திரிச் சீட்டு, மருந்து பில், பஸ் டிக்கெட் எல்லாம் வேண்டும். பக்கத்து வீட்டு அத்தையின் சீட்டையும் இன்றைக்கே கேட்டு வாங்கி, தேதிவாரியாக ஒரு பையில் போட்டு வையுங்கள்.