லினக்ஸில் புதிய கிராபிக்ஸ் டிரைவர்

தமிழக அரசு 2011-ல் கொடுக்கத் தொடங்கிய இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. அண்ணன், அக்கா வைத்திருந்ததை நம்மில் பலர் நோண்டியிருப்போம். சி-டாக் உருவாக்கிய பாஸ், டெபியன் வழி வந்தது. டெபியனுக்கு நிதானம் அதிகம், புதுச் சரக்கை உடனே சேர்க்காது. அதனால் புது மெஷினில் போட்டால் ப்ரீகேட் படத்தைத் திருப்பும்போது இழுஇழுன்னு இழுக்கும்.

முதலில் மெசா-யூடில்ஸ் பேக்கேஜை ஏற்றி, டெர்மினலில் 'ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ -பி' கொடுத்துப் பாருங்கள். 'எல்எல்விஎம்பைப்' என்று வந்தால் கிராபிக்ஸ் சிப் சும்மா கிடக்கிறது, பிராசஸரே படம் வரைகிறது என்று அர்த்தம்.

இன்டெல், ஏஎம்டி என்றால் டிரைவரைத் தேடி அலைய வேண்டாம். அது கெர்னலிலும் மெசாவிலும்தான் இருக்கு. டெபியன் பேக்போர்ட்ஸிலிருந்து புதிய கெர்னல், ஃபர்ம்வேர், மெசா ஏற்றினால் போதும்.

என்விடியாதான் தகராறு. கம்பெனி தளத்து '.ரன்' ஃபைலை நான் தொடுவதே இல்லை. டிகேஎம்எஸ் இல்லாமல் அதை ஏற்றினால், கெர்னல் மாறியதும் மாட்யூல் பொருந்தாது. ப்ராஜெக்ட் கொடுக்கும் நாளன்று கறுப்புத் திரைதான்! டெபியன் பேக்கேஜில் டிகேஎம்எஸ் உண்டு, ஒவ்வொரு கெர்னலுக்கும் தானே கம்பைல் ஆகும். கெர்னல் ஹெடர்ஸ் மட்டும் இருக்கணும்.

செக்யூர் பூட் ஆனில் இருந்தால், அது நம்ம திண்டுக்கல் பூட்டு மாதிரி, வேற சாவிக்கு அசையாது. எம்ஓகே சாவியைப் பதிய ஒரு பாஸ்வேர்டு கேட்கும். ரீபூட்டில் வரும் நீலத் திரையில் 'என்ரோல் எம்ஓகே' போய் அதையே கொடுங்கள். பயந்துபோய் 'கண்டினியூ' அமுக்கினால் சாவி பதியாது.

அப்படியும் திரை கறுத்தால், கிரப் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்து உள்ளே போய், புதியதை நீக்கிவிடலாம்.