வீட்டிலேயே கணக்குப் பாடம்: எந்த சாப்ட்வேர், எந்தப் புத்தகம்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "எந்த ஆன்ட்டி வைரஸ் போடலாம்?" என்பதுதான். இரண்டாவது கேள்வி, "பிள்ளைகள் கணக்குப் படிக்க நல்ல சாப்ட்வேர் எது?" முதல் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவது கேள்விக்கு அப்படிச் சொல்லக் கூடாது என்பதை என் அக்கா மகள் விஷயத்தில்தான் கற்றுக்கொண்டேன்.

அக்கா அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தில் இருக்கிறாள். மகளுக்கு வயது 10. பள்ளியை நிறுத்திவிட்டு வீட்டிலேயே படிக்க வைப்பது என்று முடிவு செய்து, அதற்காகப் புது லேப்டாப் ஒன்றும் வாங்கிவிட்டாள். பிறகுதான் எனக்குப் போன் வந்தது. "டேய் தம்பி, நீதானே கம்ப்யூட்டர்காரன். கணக்குக்கு என்ன போடறதுன்னு நீயே பார்த்துச் சொல்லு. மத்ததை நான் பார்த்துக்கறேன்." நானும் சென்னையில் உட்கார்ந்தபடி பெரிய மனிதன் போல ஒப்புக்கொண்டேன்.

அமெரிக்காவில் வீட்டுக் கல்வி எல்லா மாநிலங்களிலும் சட்டப்படி செல்லும். விதிகள்தான் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நியூயார்க்கில் ஆண்டுத் திட்டமும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கையும் கொடுக்க வேண்டும். பென்சில்வேனியாவில் பிள்ளை செய்த வேலைகளைத் தொகுத்து வைத்து, தகுதி பெற்ற ஒருவரிடம் காட்ட வேண்டும். டெக்சாஸில் 1994ல் மாநில உச்ச நீதிமன்றம் வீட்டுப் பள்ளியையும் தனியார் பள்ளியாகவே கருத வேண்டும் என்று தீர்ப்பளித்துவிட்டது. அங்கே பதிவு செய்ய வேண்டியதில்லை, தேர்வும் இல்லை. வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணக்கு, நற்குடிமை ஆகிய ஐந்தும் பாடத்தில் இருந்தால் போதும். கேட்க வசதியாகத்தான் இருக்கிறது. ஆனால் பிள்ளைக்குக் கணக்கு புரியாமல் போனால், அதைக் கண்டுபிடிக்க வீட்டுக்கு வெளியே ஆளே இல்லை. இதை நான் அப்போது யோசிக்கவில்லை.

இன்டர்நெட்டில் தேடியதும் எல்லா விளம்பரங்களிலும் ஒரே சொல் கண்ணில் பட்டது: "மாஸ்டரி". ஒரு பாடத்தில் முழுத் தேர்ச்சி பெற்ற பிறகே அடுத்த பாடத்துக்குப் போவது என்று பொருள். அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் புளூம் 1968ல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். சாதாரண வகுப்பில் எல்லோருக்கும் ஒரே கால அளவு, மதிப்பெண் ஆளுக்கு ஆள் மாறும். இவர் அதைத் திருப்பிப் போட்டார். எல்லோரும் ஒரே தரத்தை எட்டட்டும், காலம் வேண்டுமானால் ஆளுக்கு ஆள் மாறட்டும் என்றார். தனி ஆசிரியரும் இந்த முறையும் சேர்ந்தால் மிகப் பெரிய முன்னேற்றம் வரும் என்று 1984ல் அவர் எழுதிய கட்டுரை பிரபலமானது. பின்னால் வந்த ஆய்வுகளிலும் பலன் தெரிந்தது, ஆனால் அவர் சொன்ன அளவுக்கு இல்லை.

கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு இதை எளிதாகப் புரியவைத்துவிடலாம். 80 சதவீதம் டவுன்லோட் ஆன ஜிப் பைலைத் திறந்து பாருங்கள். திறக்குமா? பள்ளியில் 80 மதிப்பெண் வாங்கிய பிள்ளையை நாம் கைதட்டி அடுத்த வகுப்புக்கு அனுப்புகிறோம். மீதி 20ல் என்ன இருந்தது என்று யாரும் பார்ப்பதில்லை. அந்த 20ல் பின்னம் இருந்தால் தசமம், சதவீதம், விகிதம், அல்ஜீப்ரா எல்லாமே பின்னால் தடுமாறும்.

நான் ஒரு சாப்ட்வேரைத் தேர்ந்தெடுத்தேன். பெயர் வேண்டாம். மாதச் சந்தா, அழகான படங்கள், சரியான விடைக்கு நட்சத்திரம், பத்து நட்சத்திரத்துக்கு ஒரு பதக்கம். மூன்றே வாரத்தில் பின்னங்கள் பகுதியில் 97 சதவீதம் என்று ரிப்போர்ட் வந்தது. அக்காவுக்கு ஒரே சந்தோஷம். எனக்கு அதைவிடப் பெருமை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் சும்மா கேட்டேன்: "3/4 பெரிசா, 5/7 பெரிசா?"

"5/7 மாமா."

"எப்படிச் சொல்றே?"

"5, 3ஐ விடப் பெரிசு. 7, 4ஐ விடப் பெரிசு."

அன்று இரவு அக்காவின் பாஸ்வேர்டை வாங்கி உள்ளே போய், ரிப்போர்ட்டில் முதல் பக்கத்தைத் தாண்டிப் பார்த்தேன். அதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். பெரும்பாலான கேள்விகளுக்கு அவள் எடுத்துக்கொண்ட நேரம் நான்கு, ஐந்து விநாடிகள். நான்கு விடைகளில் ஒன்றைக் கிளிக் செய்வது, தவறானால் "ஹின்ட்" பட்டனை அழுத்துவது, விடை தெரிந்ததும் அதே மாதிரிக் கேள்வியை மறுபடி செய்வது. அவள் ஏமாற்றவில்லை. அந்த சாப்ட்வேர் எதற்குப் பதக்கம் தருகிறது என்று கண்டுபிடித்து அதைச் செய்திருக்கிறாள், அவ்வளவுதான். சாப்ட்வேர் எழுதுகிறவன் என்ற முறையில் இதை முதலில் சந்தேகப்பட்டிருக்க வேண்டியவன் நான்.

எனவே, நீங்கள் எந்த சாப்ட்வேரைப் பார்த்தாலும் பெற்றோர் பக்கத்தைத் திறந்து மூன்று விஷயங்களைத் தேடுங்கள். ஒரு கேள்விக்கு ஆன நேரம் தெரிகிறதா? ஹின்ட் எத்தனை முறை பயன்பட்டது என்று தெரிகிறதா? பிள்ளை போட்ட தவறான விடை தெரிகிறதா? இவற்றில் மூன்றாவதுதான் முக்கியம். "தவறு" என்று சிவப்பில் காட்டினால் பயனில்லை. 5/7 பெரியது என்று சொன்னாள் என்பது தெரிந்தால்தான், அவள் பின்னத்தை இரண்டு தனி எண்களாகப் பார்க்கிறாள் என்பது புரியும்.

இதன் பிறகுதான் ஒழுங்காகப் படித்துப் பார்த்தேன். "மாஸ்டரி" என்ற சொல்லை இரண்டு வெவ்வேறு பொருளில் பயன்படுத்துகிறார்கள். கடைக்காரர்கள் இதைப் பிரித்துச் சொல்வதில்லை. ஒன்று, பாடங்களை அடுக்கும் விதம்: ஒரே தலைப்பை நீண்ட நாள் விடாமல் நடத்துவது. இன்னொன்று, கதவு: இவ்வளவு மதிப்பெண் வந்தால்தான் அடுத்த பாடம் திறக்கும் என்பது. ஒன்று இருக்கும் இடத்தில் மற்றது இருக்க வேண்டும் என்பதில்லை.

முதல் வகைக்கு நல்ல உதாரணம் மேத்-யு-சீ. இதில் வகுப்பு எண்ணே கிடையாது. நிலைகளுக்குக் கிரேக்க எழுத்துகளின் பெயர்கள். காமா என்றால் பெருக்கல், டெல்டா வகுத்தல், எப்ஸிலான் முழுக்க முழுக்கப் பின்னங்கள், ஸீட்டா தசமமும் சதவீதமும். பாடத்தை வீடியோவில் பார்த்து, கட்டைகளை அடுக்கிச் செய்து, பிறகு தாளில் எழுத வேண்டும். கடைசியில் பிள்ளை அதைப் பெற்றோருக்குத் திருப்பிச் சொல்லித்தர வேண்டும். இதற்கு நேர் எதிர் சாக்ஸன். அதில் தினமும் புதிதாகக் கொஞ்சம், பழையது நிறைய. மறதி உள்ள பிள்ளைகளுக்கு நல்லது, ஆனால் அடிப்படையில் ஓட்டை இருந்தால் அது பல தலைப்புகளுக்கு நடுவே ஒளிந்துகொள்ளும். சிங்கப்பூர் முறையில் முதலில் பொருள், பிறகு படம், பிறகுதான் எண். 1980களில் அந்த நாட்டின் பள்ளிகளுக்காக எழுதப்பட்ட புத்தகங்களிலிருந்து வந்தது. நீளமான பட்டை வரைந்து கணக்குப் போடும் வழக்கம் இதில் மிக அருமை. ஆனால் சொல்லித்தருபவர் முதலில் அதைக் கற்றுக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது வகை, கான் அகாடமி. சல்மான் கான் 2004ல் தன் உறவுக்காரப் பெண்ணுக்குத் தொலைவிலிருந்து கணக்குச் சொல்லித்தரத் தொடங்கி, 2008ல் இதை லாப நோக்கமற்ற நிறுவனமாக்கினார். இலவசம். இதில் ஒரு பயிற்சியை 100 சதவீதம் சரியாக முடித்தாலும் "புரொபிஷியன்ட்" என்ற நிலைதான் கிடைக்கும். "மாஸ்டர்டு" என்ற கடைசி நிலைக்கு, பல பாடங்கள் கலந்து வரும் யூனிட் டெஸ்ட் போன்ற தேர்வுகளிலும் சரியாகச் செய்ய வேண்டும். அங்கே தவறினால் நிலை கீழே இறங்கும். இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. அக்கவுன்ட் திறக்கும்போது மட்டும் ஒரு கவனம் தேவை. முதலில் பெற்றோர் அக்கவுன்ட் திறந்து, அதன் கீழ் பிள்ளையைச் சேருங்கள். பிறந்த தேதியை மாற்றிப் போடாதீர்கள். 13 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அமெரிக்கச் சட்டப்படி தனிப் பாதுகாப்பு உண்டு. நீங்கள் தேதியை மாற்றினால் அது போய்விடும்.

எதை வாங்குவதற்கும் முன்னால் "பிளேஸ்மென்ட் டெஸ்ட்" எழுத வையுங்கள். மேலே சொன்ன புத்தக முறைகளுக்கு இலவசமாகவே கிடைக்கிறது. பிரின்ட் எடுத்து, பென்சிலைக் கொடுத்து, பக்கத்தில் பேசாமல் உட்காருங்கள். பேசாமல் உட்காருவதுதான் கஷ்டம் என்கிறாள் அக்கா. எங்கள் பெண்ணுக்குப் பெருக்கல், வகுத்தல் இரண்டும் நன்றாக வந்தன. பின்னம் மட்டும் மூன்றாம் வகுப்பிலேயே நின்றிருந்தது.

அங்கேதான் எதிர்பாராத சிக்கல். ஒரு வெப்சைட்டில் மூன்றாம் வகுப்புப் பகுதியைத் திறந்து கொடுத்தோம். ஸ்கிரீனின் மேலே பெரிதாக "கிரேடு 3". அவள் தம்பி வேறு அதை உரக்கப் படித்துவிட்டான். லேப்டாப்பை மூடிவிட்டு ரூமுக்குள் போனவள் இரண்டு நாள் கணக்கைத் தொடவில்லை. வகுப்பு எண் இல்லாத புத்தகத்துக்கு ஒரு மதிப்பு உண்டு என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. எப்ஸிலானை வாங்கியதற்குப் பாதிக் காரணம் அந்தப் பெயர்தான்.

அது வந்து சேரும்வரை அக்கா சும்மா இருக்கவில்லை. அமெரிக்காவில் பிரின்டருக்குப் போடும் "லெட்டர்" தாள் நம் ஏ4 போன்றதல்ல. நீளம் 11 அங்குலம், அதாவது கிட்டத்தட்ட 28 சென்டிமீட்டர். அதை நீளவாக்கில் இரண்டு பட்டைகளாக வெட்டினாள். ஒன்றில் 7 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு, நான்கு பாகம். இன்னொன்றில் 4 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு, ஏழு பாகம். 3/4 என்பது 21 சென்டிமீட்டர். 5/7 என்பது 20. இரண்டையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்துவிட்டு அக்கா எதுவும் சொல்லவில்லை. பெண் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாளாம். நான் மூன்று வாரச் சந்தா கட்டி வாங்காததை ஒரு தாளும் கத்தரிக்கோலும் வாங்கிக் கொடுத்தன.

சரி, கம்ப்யூட்டர் எதற்கு? பயிற்சித் தாள் தயாரிக்கவும் கணக்கு வைத்துக்கொள்ளவும். எக்ஸெல் இல்லாவிட்டால் இலவசமான லிப்ரே ஆபீஸ் கால்க் போதும். பின்னங்களை ஒப்பிடும் தாளை இப்படிச் செய்யலாம். ஃபார்முலாக்களை ஆங்கில எழுத்துகளில் டைப் செய்ய வேண்டும்.

பி2 செல்லில் முதல் பின்னத்தின் பகுதி: =ராண்ட்பிட்வீன்(3,12). ஏ2ல் அதன் தொகுதி: =ராண்ட்பிட்வீன்(1,பி2-1). இப்படிப் போட்டால் தொகுதி எப்போதும் பகுதியைவிடச் சிறியதாகவே வரும். அதே போல டி2ல் இரண்டாவது பின்னத்தின் பகுதி, சி2ல் அதன் தொகுதி. விடைக்கு இ2ல்: =சைன்(ஏ2*டி2-சி2*பி2). இது கோணக் கணக்கில் வரும் சைன் அல்ல, எஸ், ஐ, ஜி, என் என்று நான்கு எழுத்து. விடை 1 என்றால் முதல் பின்னம் பெரியது, -1 என்றால் இரண்டாவது பெரியது, 0 என்றால் இரண்டும் சமம். இந்த வரியைப் பிடித்துக் கீழே பத்து வரி இழுத்தால் பத்துக் கேள்விகள் தயார். எஃப்9 கீயை அழுத்தினால் பத்தும் புதிதாக மாறும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது, நானே விழுந்தேன். ராண்ட்பிட்வீன், ஷீட்டில் எதை மாற்றினாலும் மறுபடி புது எண்களைப் போடும். கேள்வித்தாளைப் பிரின்ட் எடுத்துவிட்டுப் பிறகு விடைத்தாளை எடுத்தால் இரண்டும் பொருந்தாது. முதலில் எல்லாவற்றையும் காப்பி செய்து, பேஸ்ட் ஸ்பெஷலில் வேல்யூஸ் என்பதைத் தேர்ந்தெடுத்து ஒட்டுங்கள். பிறகு பிரின்ட் கொடுங்கள்.

இன்னொரு ஷீட்டில் தேதி, தலைப்பு, பத்துக்கு எத்தனை சரி, எத்தனை நிமிடம் என்று நான்கு காலம். ஐந்தாவது காலத்தின் தலைப்பு "ஒரு வாரம் கழித்து". அன்றைக்கு 9 வந்து, ஒரு வாரம் கழித்தும் 9 வந்தால்தான் அந்த வரிக்குப் பச்சை நிறம். முதல் மாதத்தில் முதல் நாள் 10 வாங்கிய தலைப்புகளில் பாதி, ஒரு வாரம் கழித்து 6க்கு இறங்கின. அதனால் சாக்ஸனிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டோம்: தினமும் மூன்று பழைய கேள்விகள். தேர்வு மட்டும் எப்போதும் தாளில்தான், அம்மா பக்கத்தில் இருக்கும்போதுதான். கேமராவைக் காட்டினால் விடையைச் சொல்லும் சாப்ட்வேர் இப்போது எல்லா மொபைலிலும் வந்துவிட்டது.

இன்டர்நெட் சரியாக இல்லாத ஊரில் இருப்பவர்கள் கொலிப்ரி என்ற இலவச சாப்ட்வேரைப் பார்க்கலாம். கான் அகாடமி பாடங்களை ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் பிறகு நெட் இல்லாமலே ஓடும். சின்னப் பிள்ளைகளுக்கு ஜிகாம்ப்ரி. இந்தியாவில் வீட்டில் படிக்க வைப்பவர்கள், தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் ஏ, பி, சி நிலைகளைக் கவனியுங்கள். அவை முறையே 3, 5, 8ஆம் வகுப்புக்குச் சமம். பாடத்திட்டம் எதுவானாலும் கடைசியில் எந்தத் தேர்வு எழுதப் போகிறோம் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் பெண் இப்போது வெவ்வேறு பகுதிகள் உள்ள பின்னங்களைக் கூட்டிக்கொண்டிருக்கிறாள். ஐந்தாம் வகுப்பில் வர வேண்டிய பாடம். போன வாரம் அவளே போன் செய்தாள்.

"மாமா, 5/7ஐ விடப் பெரிசு, 3/4ஐ விடச் சின்னது. நடுவுல ஒண்ணு சொல்லு பார்ப்போம்."

பொது மடங்கு எடுக்கலாமா என்று நான் மனதுக்குள் யோசிப்பதற்குள் அவளே சொல்லிவிட்டாள்: "இருபதரை சென்டிமீட்டர்!"

எழுதிப் பார்த்தேன். 28ல் இருபதரை, அதாவது 41/56. சரிதான்.