கோலார்ப் பொன்னும் பழைய எரிமலைப் பாறையும்

கோலார்த் தங்கவயலின் பெயரைக் கேளாதவர் வட ஆர்க்காடு, சேலம் பகுதிகளில் அரியர். அப்பகுதிக் கிராமங்களிலிருந்து தலைமுறை தலைமுறையாக மக்கள் அங்குச் சென்று சுரங்கங்களில் உழைத்தனர். ஆயினும் அப்பொன் எவ்வாறு அவ்விடத்தில் வந்து சேர்ந்தது, பக்கத்து ஊர்களில் ஏன் இல்லை என்று ஆராய்ந்தவர் சிலரே. கோலார்ப் பாறைத்தொடர் வடக்குத் தெற்காக ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளமுடையது. அகலமோ சில கிலோமீட்டரே. அதன் தென்பகுதி ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தைக் கடந்து நமது கிருஷ்ணகிரி மாவட்டத்தையும் எட்டுகிறது. ஆதலின் தம் கொல்லையிலுள்ள கரிய பாறையைக் காட்டி, "இதிலும் பொன் உண்டா?" என்று வினவும் குடியானவருக்கு விடை கூறுதல் அவசியமாகிறது.

ஏறத்தாழ 270 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடிப் பிளவுகளின் வழியே பொங்கிய பாறைக்குழம்பே இத்தொடரின் தோற்றுவாய். நீர் பட்டவுடன் மேற்புறம் இறுக, உள்ளிருக்கும் குழம்பு பிதுங்கி வெளிவந்து, தலையணைகளை அடுக்கினாற்போல் உறைவது இத்தகைய குழம்பின் இயல்பு. சித்திரதுர்க்கா மாவட்டத்து மரடிஹள்ளியில் அவ்வடிவங்களை இன்றும் கண்ணாரக் காணலாம். கோலாரிலோ, அப்பாறைகள் பின்னர் ஆழத்தில் புதையுண்டு, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிவிட்டன. எரிமலை வாயையோ சாம்பலையோ அங்குத் தேடுதல் வீண். ஹார்ன்பிளெண்டு என்னும் கரும்பச்சைக் கனிமம் நிறைந்த கனத்த பாறையே எஞ்சியுள்ளது. (நாம் கருங்கல் என்று சொல்லி வீட்டுப் படிக்கும் வேலிக் காலுக்கும் உடைக்கும் கல் பெரும்பாலும் இதுவன்று, பெயரில்தான் கருமை, நிறத்தில் அது வெளிறியது.) இருவகையிலும் ஒரே அளவுள்ள துண்டுகளைக் கையில் ஏந்திப் பார்த்தால் எடை வேற்றுமை உடனே புலப்படும்.

இப்பாறை முழுவதும் பொன் என்று எண்ணிவிடலாகாது. சாதாரண எரிமலைப் பாறையில் டன்னுக்கு ஒரு கிராமின் ஆயிரத்தில் சில பங்கே பொன் இருக்கும். அதனை எவராலும் எடுத்துப் பயன்கொள்ள இயலாது. பிற்காலத்தில் நிலம் நெருக்குண்டு பாறை வெடித்தபோது, ஆழத்திலிருந்து கொதிநீர் அவ்வெடிப்புகளில் ஏறியது. கந்தகத்தோடு சேர்ந்து பொன் அந்நீரில் கரைந்து வந்தது. அழுத்தம் தணிந்த இடத்திலும், பாறையிலுள்ள இரும்பு அக்கந்தகத்தைப் பற்றிக்கொண்ட இடத்திலும் பொன் கரைந்திருக்க மாட்டாமல் படிந்தது. அந்நீரிலிருந்தே உறைந்ததுதான் வெங்கச்சங்கல் என்று நாம் அழைக்கும் வெள்ளைக்கல். கோலாரின் புகழ்பெற்ற சாம்பியன் ரீஃப் இத்தகைய வெள்ளைக்கல் இழையே. எனவே கரிய பாறை வேண்டும், வெடிப்பு வேண்டும், அதில் பொன்னேந்திய நீரும் பாய்ந்திருக்க வேண்டும். மூன்றும் கூடிய இடங்கள் மிகச் சிலவே.

வெங்கச்சங்கல்லில் மஞ்சளாக மின்னுவதைக் கண்டு பலர் ஏமாறுகின்றனர். அது பெரும்பாலும் இரும்பும் கந்தகமும் சேர்ந்த தாது. அதனைச் சுத்தியால் தட்டினால் பொடியாகும். பொன்னாயின் தகடாக விரியும். மெருகிடாத வெள்ளைப் பீங்கானில் தேய்த்தால் அத்தாது கருங்கோடு இழுக்கும். பொன் மஞ்சட் கோடு இழுக்கும். இச்சோதனைக்குக் காசு செலவில்லை. நிலத்தை அடகுவைத்துக் குழி தோண்டுமுன் இதனைச் செய்து பார்த்தல் நலம். சோதனையில் தேறினாலும், உரிய உரிமம் பெறாமல் பொன்னுக்காகச் சுரங்கம் வெட்ட 1957ஆம் ஆண்டுச் சட்டம் இடந்தராது.

கோலாரில் முன்னோர் தோண்டிக் கைவிட்ட பழங்குழிகளே பின்வந்தோருக்கு வழிகாட்டின. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனியார் வேலையை மேற்கொண்டனர். சுரங்கத்திற்கென்றே 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து காவிரி மின்சாரம் வந்தது. நாளடைவில் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தை எட்டியது. அங்குப் பாறையே சுடும். அழுத்தம் தாங்காமல் சுவர் திடீரென வெடிக்கும். கல்தூசியைச் சுவாசித்து நுரையீரல் கெட்டவர்களின் துயரம் தொழிலாளர் குடும்பங்களுக்கே தெரியும். தொடக்கத்தில் டன் ஒன்றுக்கு 30 கிராமுக்கு மேல் பொன் ஈந்த தாது, இறுதிக் காலத்தில் 5 கிராமுக்கும் குறைந்தது. 800 டன் அளவிற்குப் பொன் எடுத்தபின், 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. செலவு வரவை விஞ்சியது, ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். இன்று அங்கிருந்து பலர் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவு திரும்புகின்றனர்.

அரைத்துப் பொன்னெடுத்தபின் கொட்டிய மண், குன்று குன்றாக அங்கே கிடக்கிறது. 3 கோடி டன்னுக்கும் மேலென்பர். அதில் டன்னுக்கு ஒரு கிராமுக்குட்பட்ட பொன் எஞ்சியுள்ளது. ஏற்கெனவே அரைபட்ட மண்ணாதலின் வெட்டும் செலவும் அரைக்கும் செலவும் குறைவு. அதனை மீண்டும் கழுவியெடுக்கும் திட்டத்திற்கு 2024இல் கர்நாடக அமைச்சரவை இசைவளித்தது. எனினும் காற்றடிக்கும்போது அம்மண் பறந்து வீடுகளிலும் வயல்களிலும் படிகிறது. அதிலுள்ள கந்தகத் தாது மழைநீரோடு சேர்ந்தால் அமிலமாகும். தாதோடு ஆர்சனிக் நஞ்சும் உண்டு. ஆகையால் பொன்னின் விலையைக் கணக்கிடுமுன், குன்றுகளின் அடிவாரத்திலுள்ள ஒவ்வொரு குடிநீர்க் கிணற்றின் நீரையும் சோதனைக்கு அனுப்புவதும், காற்று வரும் திக்கில் மரம் வைத்து வளர்ப்பதும் முதல் வேலையாக நடைபெற வேண்டும்.