பிள்ளை பேசினால் பதில் வர வேண்டும்: மாஞ்சோலையிலிருந்து இறங்கிய வீடுகளுக்கு

மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. சிங்கம்பட்டி ஜமீனிடம் 1929-இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு வாங்கிய மலைக்காட்டில் பம்பாய் பர்மா கம்பெனி வளர்த்த தேயிலையை நம்பித் தலைமுறை தலைமுறையாகப் பிழைத்த ஊர்கள் இவை. குத்தகை 2028 வரை இருக்கும்போதே, 2024 ஜூனில் விருப்ப ஓய்வு கொடுத்துக் கம்பெனி வேலையை நிறுத்தியது. மணிமுத்தாறு, கல்லிடைக்குறிச்சி, திருநெல்வேலி என்று குடும்பங்கள் பிரிந்து இறங்கின. ரேஷன் அட்டை, பள்ளி மாற்றுச் சான்றிதழ் எல்லாம் நாலு நடை நடந்தால் முடிந்துவிடும். தடுமாற்றம் வருவது சாயங்காலத்தில்தான். புதுத் தெருவில் யாரையும் தெரியாத பிள்ளை, பையைப் போட்டதும் செல்போனை எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிடுகிறது.

செல்போனைப் பிடுங்குவது இதற்கு வழியல்ல. மலையில் பிள்ளைகள் கலகலப்பாக வளர்ந்ததற்குப் பெற்றோரின் சாமர்த்தியம் மட்டும் காரணமில்லை. ஒரே சுவரைப் பங்குபோட்ட லைன் வீடுகள் காரணம். அம்மா கொழுந்து பறிக்கப் போயிருந்தாலும், பிள்ளை வாய் திறந்தால் பதில் சொல்லப் பக்கத்து வாசலில் ஓர் ஆள் இருந்தது. அந்த வாழ்க்கையை யாரும் பொற்காலமாக்க வேண்டாம். இந்தத் தோட்டத் தொழிலாளர்களின் கூலிக்காக நடந்த ஊர்வலத்தில்தான் 1999 ஜூலை 23 அன்று தாமிரபரணி ஆற்றில் 17 உயிர்கள் போயின. பிள்ளை பேசினால் பதில் சொல்ல ஓர் ஆள் என்று மலையில் இடமே செய்து கொடுத்த அந்த ஒன்றை மட்டும் கீழே நாம் கையால் செய்துகொள்ள வேண்டும். அதனால், பிள்ளை எத்தனை நிமிடம் திரை பார்த்தது என்பதோடு, அது பேசியதற்கு எத்தனை முறை பதில் வந்தது என்பதையும் பாருங்கள்.

இதற்கு ஆதாரம் உண்டு. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பாட்ரிசியா குல் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளோடு ஒருவர் எதிரே உட்கார்ந்து சீன மொழியில் பேசி விளையாடியபோது, அவை அம்மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. அதே பேச்சை வீடியோவில் பார்த்த குழந்தைகள் கற்கவில்லை. 2014-இல் வந்த இன்னோர் ஆய்வு இரண்டு, இரண்டரை வயதுப் பிள்ளைகளைப் பற்றியது. பதிவுசெய்த வீடியோவில் புதுச்சொல் கற்காத அவர்கள், வீடியோ காலில் எதிரே இருப்பவர் தம் பேச்சுக்கு ஈடுகொடுத்தபோது, நேரில் கற்பதைப் போலவே கற்றார்கள். இரண்டும் திரைதான், ஆனால் வீடியோ காலில் பதில் வந்தது.

ஆகவே அந்த செல்போனையே பக்கத்து வாசலாக்கலாம். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். பத்துக் குடும்பம் சேர்ந்த குரூப் கால் வேண்டாம். பெரியவர்கள் பேச, பிள்ளை நழுவிவிடும். மலையில் பக்கத்து வாசலில் இருந்த ஒரு வீடு, ஓர் ஆள், வாரத்தில் ஒரே கிழமை, ஒரே நேரம். "பாட்டிக்கு வணக்கம் சொல்லு, பாட்டுப் பாடிக் காட்டு" என்று ஏவாதீர்கள். பேச்சை வைத்துப் பேச்சு வளராது, பிள்ளையின் கைக்கு வேலை வேண்டும். செல்போனைச் செம்பில் சாய்த்து வைத்துவிட்டுப் பிள்ளையை முருங்கைக்கீரை ஆய விடுங்கள். அந்தப் பக்கம் பாட்டியும் ஆயட்டும். "தண்டு போடலாமா பாட்டி?" என்று அது கேட்கும், பாட்டி திட்டுவார், அதிலிருந்து கதை கிளம்பும். நடுவில் இரண்டு நிமிடம் யாரும் பேசாவிட்டாலும் நீங்கள் புகுந்து நிரப்பாதீர்கள். லைன் வாசலிலும் யாரும் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கவில்லை. சின்னப் பிள்ளையென்றால் முதல் சில தடவை பக்கத்தில் இருங்கள், பிறகு எழுந்து போய்விடுங்கள். ஒன்றரை வயதுக்குக் கீழே இது வேண்டாம் என்பது என் கணக்கு, மடிதான் வேண்டும்.

"இருவரும் வேலைக்குப் போகிறோம், நேரம் எங்கே?" என்பது நியாயமான கேள்வி. நான் சொல்வது தனி நேரமல்ல, கீரை ஆயும் நேரம். "வீட்டுப்பாடமே வாட்ஸ்அப்பில் வருகிறதே" என்றால், அதை நோட்டில் எழுதவைத்துவிட்டு செல்போனை வாங்கிவிடுங்கள். சாப்பாட்டு நேரத்தில் யார் கையிலும் செல்போன் கூடாது, அப்பா உட்பட. குரலும் முகமும் மட்டும் போதுமா என்றால், போதாது. புதுத் தெருவில் ஒரு வீட்டையாவது பழக்கிக்கொள்ளுங்கள். தயிருக்கு உறை வாங்கிவரப் பிள்ளையையே அனுப்புங்கள். பிரிந்த கூட்டாளிகளை நேரில் பார்க்கக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயில் ஆடி அமாவாசைக்கு ஒன்றாகப் போகலாம். அதுவரை காத்திருக்க வேண்டாம். நாலுமுக்கில் அடுத்த வாசலில் இருந்தவர்கள் இப்போது எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று பிள்ளையிடமே கேளுங்கள். இந்த ஞாயிறு, அவர்களில் ஒரு வீட்டைக் கூப்பிடுங்கள்.